காதுக்கு ஒரு கதவு வாங்கப் போனோம்

சென்னைப் பட்டணத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தெரு உண்டு. கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, துணிமணிக்கு ரங்கநாதன் தெரு, மோட்டார் வண்டி உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டை. அந்த வரிசையில், மின்சாரத்தில் ஓடுவது, ஒலிப்பது, ஒளிர்வது எதுவானாலும் ரிச்சித் தெரு. மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால், சிந்தாதிரிப்பேட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது. "அது ஆம்பிளைங்க போற இடம்" என்று நம்மில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இருபது வருஷமாகச் சென்னையில் குடித்தனம் செய்யும் நானும் போன மாதம்தான் முதல் தடவையாகப் போனேன். என் பெரிய பெண்ணுக்கு ஒரு ஹெட்போன் வாங்குவதற்காக.

"ஹெட்போன்தானே, வீட்டிலிருந்தபடியே போனில் ஆர்டர் செய்தால் வாசலில் வந்து விழுமே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. செருப்பை அப்படி வாங்குவீர்களா? கண்ணாடி பிரேமை? காலில், மூக்கில், காதில் மாட்டுகிற சாமானைப் போட்டுப் பார்த்துத்தானே வாங்க வேண்டும்!

என் பெண்ணின் வேலை அப்படி. பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஓர் ஆபீஸ். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் காதால் கேட்டு, வார்த்தை பிசகாமல் டைப் அடிக்க வேண்டும். தினம் எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். பெரிய ஹாலில் வரிசையாக மேஜை. ஏ.ஸி.யின் ரீங்காரம், பக்கத்து மேஜைப் பேச்சு, பின்னால் யாராவது சிரிப்பு. ஆபீசில் கொடுத்திருந்த ஹெட்போன் காது மடல் மேலேயே உட்காரும் ரகம். மேலே மெல்லிய ஸ்பாஞ்சு. வெளிச் சப்தம் உள்ளே வரும் என்பதால் இவள் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காதைத் தடவிக்கொண்டு, "கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்கம்மா" என்பாள். ஒரு நாள், "காதுக்குள்ளே கொய்ங்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்மா" என்றாள்.

அந்தச் சொல் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் உண்டு. என் மாமனார் கோவையில் ஒரு மில்லில் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டிய இடம். ரிட்டயராவதற்குள் காது போய்விட்டது. முழுச் செவிடு இல்லை. என் கணவர் பேசினால் ஓரளவு கேட்கும். குழந்தைகள் பேசினால் கேட்காது. இரைச்சலால் கெடும் காதில் முதலில் போவது உயர்ந்த சுருதிதானாம். பேத்தி "தாத்தா, தாத்தா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பாள். அவர் திரும்ப மாட்டார். அது கோபித்துக்கொண்டு அழும். அந்தப் பேத்திதான் இன்று "கொய்ங்" என்கிறாள்.

மறுநாளே காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். பரிசோதனை செய்துவிட்டு, "இப்போதைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை" என்றார். ஆனால் அவர் சொன்ன விஷயத்தை எல்லா அம்மாமார்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் உட்காதில், ஒவ்வொன்றிலும் 15,000 சொச்சம் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. சப்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுப்பவை அவைதாம். அதிகச் சப்தத்தில் அவை களைத்துப் போகும். ஓய்வு கொடுத்தால் தேறும். ஓயாமல் அடித்தால் செத்துவிடும். மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. தலைமயிர் போனாலாவது டோப்பா உண்டு!

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் நின்றால் 80-க்கு மேலேயே போகும். பெரியவர்கள் 80 டெசிபல் சப்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். அதற்குமேல் சப்தம் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். ரேஷன் கார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்யூமை ஏற்ற ஏற்ற, வாரக் கடைசிக்கான அரிசியைத் திங்கட்கிழமையே பொங்கித் தீர்ப்பது போல! என் பெண்ணின் ஆபீஸ் நேரமே சரியாக 40 மணி. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் பாட்டு வேறு.

"வெளிச் சப்தத்தைத் தடுக்கிற மாதிரி, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் வாங்குங்கள். வால்யூம் தானாகக் குறையும்" என்றார் டாக்டர். பட்ஜெட் 2,000 ரூபாய் என்று தீர்மானித்து ஒரு சனிக்கிழமை அம்மாவும் பெண்ணும் கிளம்பினோம்.

நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கலாம். 2019-ல் திறந்த ஸ்டேஷன். பூமிக்கு அடியில் இருக்கிறது. ரயிலில் என் பெண் ஒரு கதை சொன்னாள். இந்த ஹெட்போனுக்கும் சமையலறைக்கும் சம்பந்தம் உண்டாம்! அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் நத்தேனியல் பால்ட்வின் என்பவர், 1910 வாக்கில், தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹெட்போன் செய்து கடற்படைக்கு அனுப்பினாராம். அவர்கள் நிறையக் கேட்க, "சமையலறையில் செய்கிறேன், ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் முடியாது" என்றாராம். "பாத்திரத்தை எங்கே வைத்தாளோ அவர் பெண்டாட்டி!" என்றேன். அப்புறம் 1958-ல் ஜான் காஸ் என்பவர் இரண்டு காதுக்கும் தனித்தனியாக இசை வரும் ஹெட்போனைக் கொண்டுவந்த பிறகுதான் அது வீட்டுக்கு வீடு பாட்டுக் கேட்கும் சாதனமானது.

ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூர நடைதான். வழி கேட்க வேண்டியதே இல்லை. அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டு எதிரே வருகிறவர்கள் எந்தச் சந்திலிருந்து வருகிறார்களோ, அந்தச் சந்தில் நுழைந்தால் போதும். ரிச்சித் தெரு என்று பெயர் ஒன்றுதான். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளும் சேர்ந்ததுதான் அந்தச் சந்தை. தலைக்கு மேலே ஒயர்கள் சிக்கெடுக்காத கூந்தல் மாதிரி தொங்குகின்றன. கீழே மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நாம் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். ஒரு கடையில் முழுக்க ரிமோட். எந்தக் காலத்து டி.வி.க்கும் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒரு கடையில் ஒயரை மல்லிகைப்பூ அளப்பது போல முழம் முழமாக இழுத்து வெட்டுகிறார்கள். ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பையன் ஈயப் பற்று வைக்கிறான். அந்தப் புகை வாசனை தெரு முழுக்க. ஸ்பீக்கர் கடைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுப் பாட்டு. ஹாரன், கூவல், "வழி வழி வழி!"

"இந்தச் சத்தத்தில் நின்று ஹெட்போனை எப்படிச் சோதிப்பது?" என்று மலைத்தேன். பிறகுதான் தோன்றியது: இதைவிட நல்ல பரீட்சை ஹால் கிடைக்குமா? இங்கே நிம்மதி தருகிற ஹெட்போன் எந்த ஆபீசிலும் தரும்!

முதல் கடையில் ஒரு தம்பி ஆறேழு பெட்டிகளை அடுக்கிவிட்டான். "அக்கா, இதுல பேஸ் சும்மா அதிரும்க்கா!" என்றான் என் பெண்ணிடம். அவளுக்கோ அதிரவே வேண்டாம். டாக்டர் பேசுவது புரிந்தால் போதும். கனத்த கீழ்ச்சுருதி ஜாஸ்தியாக இருந்தால் பேச்சு அதில் அமுங்கிப்போகும். சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டினால் மயங்காதீர்கள். நீங்கள் எதைக் கேட்கப் போகிறீர்களோ அதையே போட்டுப் பாருங்கள். அவள் தன் போனில் ஓர் இங்கிலீஷ் சொற்பொழிவை வைத்திருந்தாள். அந்தத் தம்பி காட்டிய நாலைந்தில் அது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. நன்றி சொல்லி நகர்ந்தோம்.

மூன்றாவது கடையில் ஒரு பெரியவர். வால்வு ரேடியோ ரிப்பேரில் தொடங்கியவராம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "உக்காருங்கம்மா. பாட்டு எல்லாத்துலயும் வரும். வலிக்காம வருதான்னு பாக்கணும். அவசரமே இல்ல, இருபது நிமிஷம் போட்டுக்கிட்டு இருக்கட்டும் பாப்பா" என்றார். அவரிடம் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஹெட்போனில் கிண்ணத்தின் முதுகு திறந்த ரகம், மூடிய ரகம் என்று இரண்டு உண்டு. திறந்ததில் முதுகுப் பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை இருக்கும். தனியறையில் சங்கீதம் கேட்க அது விசேஷம். ஆனால் உள்ளே பாடுவது வெளியே கேட்கும், வெளியே பேசுவது உள்ளே வரும். நாலு பேர் இருக்கும் ஆபீசுக்கு மூடிய ரகமே சரி. அதிலும் என் பெண்ணின் வேலையில் யாரோ ஒரு நோயாளியின் அந்தரங்கம் பக்கத்து மேஜைக்குக் கசியக் கூடாதே! "இது காதுக்கு ஒரு கதவு மாதிரிம்மா" என்றார் பெரியவர்.

முதல் பரீட்சை, பாட்டே போடாமல் வெறுமனே மாட்டிப் பார்ப்பது. தெரு இரைச்சல் சட்டென்று ஒரு படி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மெத்தை சரியாகப் படியவில்லை என்று அர்த்தம். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவர்கள் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காம்பு ஓரத்தில் சந்து விழும்.

இரண்டாவது, நம் பெண்களுக்கே உரிய சங்கடம்: தோடு! காது மடல் மேல் உட்காரும் ரகம் தோட்டை அழுத்த, பின்னாலிருக்கும் திருகாணி கழுத்துப் பக்கம் குத்தும். ஒரு மணி நேரம் தாங்கலாம். எட்டு மணி நேரம் எப்படித் தாங்கும்? காதை முழுக்க உள்ளே வாங்கிக்கொள்ளும் ஆழமான கிண்ணமாகப் பார்க்க வேண்டும். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். காது எங்கும் இடிக்கக் கூடாது. உயரத் தூக்கிக் கொண்டை போடுகிறவர்கள் அதே கொண்டையோடு போய்ச் சோதியுங்கள்.

மூன்றாவது, பிடிமானமும் எடையும். தலையை மேலும் கீழும் ஆட்டினால் விழக் கூடாது. கன்னத்தை இறுக்கவும் கூடாது. கால் கிலோவுக்கு மேல் போனால் கழுத்துக்குப் பாரம். உச்சந்தலையில் படும் பட்டையிலும் மெத்தை வேண்டும். புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் இராத்திரி அதன் பெட்டியின் மேலேயே அகட்டி மாட்டி வைத்தால் நாலைந்து நாளில் தளரும்.

நான்காவது, மெத்தையின் துணி. செயற்கைத் தோல் சப்தத்தை நன்றாக அடைக்கும், ஆனால் வேர்க்கும். வெல்வெட்டு மாதிரித் துணி காற்றோட்டமானது, ஆனால் சப்தம் கொஞ்சம் கசியும். ஏ.ஸி. ஹாலுக்குத் தோலே போதும். வேர்வையும் தலை எண்ணெயும் பட்டால் தோல் செதில் செதிலாக உரியும் என்பதால், "மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்குமா?" என்று வாங்கும்போதே கேளுங்கள். கிடைக்காது என்றால் அதை விட்டுவிடுங்கள். ஒரு மெத்தைக்காக முழு ஹெட்போனையும் தூக்கிப் போடுவது பட்ஜெட்டுக்குக் கட்டுமா?

ஐந்தாவது, ஒயர். கம்ப்யூட்டர் மேஜைக்கு ஒன்றரை மீட்டர் நீளம் போதும். மூன்று மீட்டர் இருந்தால் நாற்காலிச் சக்கரத்தில் மாட்டும். ஒயரைக் கழற்றி மாட்டுகிற ரகமானால், அது அறுந்தால் ஒயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சொருகும் முனையில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு இருந்தால் கேட்க மட்டும். மூன்று இருந்தால் மைக்கும் உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த முனைக்கு ஏற்ற துளை இருக்கிறதா என்றும் முன்பே பார்த்துக்கொண்டு போங்கள். பெட்டியில் ஓம் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கும். 32-ஐ ஒட்டி இருந்தால் போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் நன்றாகக் கேட்கும். 250 என்றெல்லாம் இருந்தால் அதற்குத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருக்கும்.

"பேட்டரி போட்டு இரைச்சலை அமுக்கறது வந்திருக்காமே?" என்று கேட்டேன். "ஏ.ஸி., ஃபேன் மாதிரி ஒரே சீரா வர்ற சத்தத்துக்கு அது நல்லா கேக்கும்மா. பேச்சு சத்தத்துக்கு அவ்வளவா இல்ல. உங்க பட்ஜெட்டுக்கு நல்ல மெத்தைக்கே காசைப் போடுங்க" என்றார். ஒயர் ரகத்துக்குச் சார்ஜும் வேண்டாம்.

என் பெண் அங்கேயே ஒன்றை மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த கடை ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருக்கிறது. இவள் முகத்தில் சுளிப்பு இல்லை. நான் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. எனக்கு ஒரு கணம் மாமனார் ஞாபகம் வந்து நெஞ்சு துணுக்கென்றது. தோளைத் தொட்டேன். கழற்றிவிட்டு, "சொல்லுங்கம்மா" என்று சிரித்தாள். வித்தியாசம் அதுதான். அவருக்கு மூடிய கதவு மூடியதுதான். இவள் வேண்டும்போது திறந்துகொள்ளலாம். அந்தப் பாக்கியம் காலத்துக்கும் நிலைக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

1,650 ரூபாய் சொன்னார். பேரம் பேசாமல் வந்தால் எனக்குத் தூக்கம் வராது; 1,500-க்கு முடித்தோம். மாற்று மெத்தை ஒரு ஜோடி 200 ரூபாய். கம்பெனிப் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், வேண்டாம். உங்கள் தலைக்கும் காதுக்கும் வேறொன்று பொருந்தக்கூடும். பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்கினோம். பேர்போன கம்பெனியின் பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தால் அது போலியாக இருக்கலாம். எந்தச் சந்தையிலும் இதைக் கவனிக்க வேண்டும். மிச்சக் காசில் தெருமுனையில் சூடாக சமோசாவும் டீயும்!

அப்புறம் வீட்டுச் சட்டம் மூன்று போட்டேன். கம்ப்யூட்டரிலும் போனிலும் வால்யூம் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மணிக்கு ஒரு தரம் கழற்றி வைத்து ஐந்து நிமிஷம் காதுக்கு ஓய்வு. ரோட்டிலோ, படிக்கட்டிலோ, தண்டவாளத்தின் பக்கத்திலோ கதவு திறந்தே இருக்க வேண்டும். அங்கே ஹெட்போன் பையை விட்டு வரவே கூடாது. வாரம் ஒரு தரம் மெத்தையை ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து நிழலில் உலர்த்துவது என் பொறுப்பு.

ஒரு மாதம் ஆயிற்று. பழைய ஹெட்போனில் 80-லிருந்து 90 வரை வைத்துக் கேட்டவள், இப்போது 40-லேயே வார்த்தை தெளிவாக விழுகிறது என்கிறாள். "கொய்ங்" வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்னோடு பேசுகிறாள். எனக்கு வேண்டியது அதுதானே!

ரிச்சித் தெருவுக்குப் போகிறவர்கள் காலை பதினொரு மணி வாக்கில் போங்கள். மாலையில் கூட்டம் நெரியும். ஞாயிற்றுக்கிழமை அநேகக் கடைகள் மூடியிருக்கும். தட்டையான செருப்பு, தோளில் குறுக்கே மாட்டும் பை, கையில் குடை. உங்கள் பெண்ணோ பிள்ளையோ காதில் எதையாவது மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார்களா? இன்று இரவு சாப்பாடு போடும்போது, "காதுக்குள்ளே ஏதாவது சத்தம் கேட்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்கிறது என்றால் முதலில் டாக்டரிடம், அப்புறம் கடைத்தெருவுக்கு.